தலைவர் பிறந்த அறையில் என் வீட்டுக்காரர்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் காபி ஆறுவதற்குள் டேப் சார் வந்து நின்றார். எங்கள் வீட்டைத் தலைவர் நினைவகமாக்கும் வேலைக்குப் பொறுப்பான என்ஜினியர். பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இடுப்பில் அளக்கிற டேப் தொங்கும். அதனால் நான் வைத்த பெயர் அது. முன்னறையை மறுபடியும் அளந்தார். "போன வாரம் அளந்ததுக்கு இந்த வாரம் வளர்ந்திருக்கா சார்?" என்று கேட்டேன். சிரித்தார். நல்ல மனிதர்தான், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் மனதாரத் திட்டித் தீர்க்கலாம்.

தலைவர் பிறந்தது எங்கள் முன்னறையில். அப்போது அவருடைய அப்பா அம்மா இங்கே வாடகைக்கு இருந்தார்களாம். குழந்தை நடை பழகும் வயதில் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். பிறகு என் மாமனார் இந்த வீட்டை வாங்கினார். அன்றிலிருந்து இது எங்கள் வீடு. ஆனால் ஊருக்கு இது தலைவர் வீடுதான். நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கே வண்டிக்காரரிடம் "தலைவர் வீட்டுக்குப் போப்பா" என்றுதான் சொன்னார்கள்.

அந்த அறையில்தான் இத்தனை வருஷமும் பள்ளிக்கூடச் சீருடை தைத்தேன். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் தலைவர் பிறந்த இடத்தில் நின்று, கையைத் தூக்கி, எனக்கு அளவு கொடுத்தவர்கள். என் மகளும் அங்கேதான் பிறந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லாமல். அதற்கு யாரும் பலகை வைக்கவில்லை.

இப்போது அங்கே மிஷின் இல்லை. டிசம்பரில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. காற்று வரும், ஆம்புலன்ஸ் வந்தால் தூக்க வசதி என்று கட்டிலை முன்னறையில் போட்டோம். இனிமேல் நாள் கடத்துவதுதான் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

மார்ச் கடைசிக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஜூலை ஒன்பது தலைவர் பிறந்தநாள், அன்றைக்குத் திறப்பு.

பிப்ரவரி 4, புதன்

தண்ணீர் வேண்டுமா என்றால் "ம்" என்கிறார். வேண்டாமா என்றாலும் "ம்".

பிப்ரவரி 11, புதன்

நினைவகத்துக்கு ஒரு விதி இருக்கிறது. தலைவர் பிறந்த அன்று வீடு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தது எதுவும் இருக்கக்கூடாது. குளியலறை, தரையில் ஒட்டிய டைல்ஸ், மின்சார ஒயர், தைக்க வெளிச்சம் வேண்டுமென்று அவர் எனக்காகச் சுவரை உடைத்து வைத்த ஜன்னல், எல்லாமே போகும். போக வேண்டியதில் எல்லாம் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார்களாம்.

"எங்க கல்யாணமும் அதுக்கப்புறம் நடந்ததுதான் சார்" என்றேன்.

டேப் சாருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

போன வருஷம் என் வீட்டுக்காரர் நினைவகத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த நாள் ஞாபகம் வருகிறது. கையில் இனிப்புப் பொட்டலம். "குடுத்தாச்சு!" என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார், பிள்ளை பாஸ் ஆன மாதிரி. நான் அந்த இனிப்பைத் தொடவில்லை. "குடுக்கலைங்க. எடுத்துக்கிட்டாங்க. நீங்க கையெழுத்து போட்டீங்க, அவ்வளவுதான்" என்றேன். அதிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் இருவருக்கும் சண்டை. குடுத்தது என்பார். எடுத்தது என்பேன். ஈடாக ஊர்க் கடைசியில் ஒரு வீடு தந்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் தண்ணீர் இணைப்பு வரவில்லை. குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆன மனிதருக்குத் தண்ணீர் இல்லாத வீடு. இதைச் சொன்னபோது அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அப்போது அவரால் சிரிக்க முடிந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

ஆத்திரம் இன்னும் தீரவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். போய்விட்டு வந்தால் மேஸ்திரி முன்னறையில் நிற்கிறார். ஆள் கதவு நிறைய இருப்பார், குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. கையில் சிவப்புச் சாக்பீஸ். ஜன்னலில் குறி. அலமாரியில் குறி. மருந்து வைக்கிற ஸ்டூலில் குறி. சக்கர நாற்காலியில் குறி. அவர் படுத்திருக்கிற கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் இந்தா பெரிசு, சிவப்பாக, பெருக்கல் குறி! அவர் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ரூம்ல அப்புறமா வந்தது எல்லாத்துலயும் போடச் சொன்னாங்கம்மா" என்றார் மேஸ்திரி.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை. "அப்போ அவர் மேலயும் போட்டுட்டுப் போய்யா! அவரும் அப்புறமா வந்தவர்தானே! என் நெத்தியில ஒண்ணு போடு! போடுய்யா!" தெருவே வாசலில் கூடிவிட்டது. மேஸ்திரி சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். டேப் சார் ஓடி வந்தார். வந்து கட்டிலைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

அப்போதுதான் சொன்னேன். எல்லாரும் கேட்கச் சொன்னேன். "இந்த ரூம்லதான் தன் உயிர் போகணும்னு என் வீட்டுக்காரர் ஆசைப்படறார். அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள கால் வைக்கக்கூடாது."

டேப் சார் தலையைக் குனிந்துகொண்டார். "சரிங்கம்மா. இந்த ரூமை கடைசியா வெச்சுக்கறோம். ஐயா இருக்கற வரைக்கும் தொட மாட்டோம்."

எல்லாரும் போன பிறகு ஈரத்துணியால் கட்டிலைத் துடைத்தேன். நான் துடைக்கத் துடைக்க அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

அவர் அப்படி ஆசைப்பட்டதாக என்னிடம் எப்போது சொன்னார்? சொல்லவில்லை. நவம்பரிலேயே தன் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் கட்டி வைத்த மனிதர். கிளம்பக் கால் துடித்துக்கொண்டிருந்தவர்.

சரி, ஆசை யாருடையதாக இருந்தால் என்ன. நோயாளியை அலைக்கழிக்காமல் இருப்பது நல்லதுதானே?

மார்ச் 2, திங்கள்

வேலை பின்பக்கமாக ஆரம்பித்துவிட்டது. குளியலறையை இடித்துத் தள்ளினார்கள். எனக்குத் தார்பாய் கட்டிய தற்காலிக ஏற்பாடு. தூசி சாப்பாட்டில் விழுகிறது, தலையில் விழுகிறது, அவர் இமையில் படிகிறது. ஈரத்துணியும் கையுமாகவே இருக்கிறேன்.

மகள் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வருகிறாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. "பேசாம எங்க வீட்டுக்கு வந்துடுங்கம்மா. ஹால்ல கட்டில் போட்டுக்கலாம். அவரும் சரின்னுட்டார்" என்றாள். அவர் என்றால் மருமகன்.

"அப்பா இங்கதான் இருக்கணும்ங்கறார்."

"எப்போ சொன்னார்?"

"உனக்கு எல்லாம் சொல்லிட்டுத்தான் செய்யணுமா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவருக்கு நகம் வெட்டிவிட உட்கார்ந்தாள்.

மார்ச் 7, சனி

"ஐயா எப்படி இருக்காங்க?"

டேப் சார் கேட்கிறார். மேலதிகாரி போனில் கேட்கிறார். தலைவரின் சிலை செய்கிறவர், முன்பின் தெரியாதவர், கேட்கிறார். இந்த மனிதர் நாற்பது வருஷம் ஊருக்குத் தண்ணீர் விட்டார். அன்றைக்கெல்லாம் அவர் உடம்பில் இத்தனை பேருக்கு அக்கறை வந்ததில்லை. பரவாயில்லை என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் ஒரு நொடி வாடுகிறது. வாடியதற்கு அவரே வெட்கப்படுகிறார். அதையும் நான் பார்க்கிறேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் ஜூலை ஒன்பது ஒன்றுதான் கண்ணில் தெரிகிறது.

ஒருவர் சாகட்டும் என்று நல்லவர்கள் காத்திருப்பதைப் பார்ப்பது இருக்கிறதே — போதும், இதை எழுத வேண்டாம்.

மார்ச் 14, சனி

மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போன நேரம் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டி அடிக்கிறார். "ஆ... ஆ..." என்று முனகல். வியர்த்து ஊற்றுகிறது. சுத்தியல் சத்தம்தான் காரணம், வேறென்ன? நோயாளி படுத்திருக்கும் வீட்டில் நாள் முழுக்கச் சுவரை இடித்தால் யாருக்குத்தான் தாங்கும்?

டேப் சாரிடம் சொன்னேன். மறுபேச்சில்லை. "மத்தியான வேளையில நிறுத்திடறோம்மா. ஐயா தூங்கட்டும்."

மார்ச் 17, செவ்வாய்

நிறுத்தியும் குறையவில்லை. மத்தியானமானால்தான் அதிகமாகிறது. நாளைக்கு முழுநாளும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 18, புதன்

வீடு நிசப்தமாக இருந்தது. ஆட்கள் நிழலில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி என் பக்கமே திரும்பவில்லை. ஒருவர் இருமினால்கூட மற்றவர்கள் உஸ் என்றார்கள்.

இவர் காலையிலிருந்து அடித்த அடியில் இடது கை வீங்கிவிட்டது. நல்ல கை அது ஒன்றுதான். சட்டத்தில் துணி சுற்றினேன். அதன்மேலும் அடித்தார். என்னைப் பார்த்து அடித்தார். டாக்டர் வந்து தூக்க மருந்து கொடுத்த பிறகுதான் அடங்கினார்.

என்ன வேணும் உங்களுக்கு? என்ன வேணும்னு சொல்லித் தொலைங்களேன்!

மார்ச் 21, சனி

மகளுக்கு விடுமுறை. நாள் முழுக்க அப்பா பக்கத்திலேயே இருந்தாள். ஆட்கள் காலையில் வேலை செய்தார்கள், மத்தியானம் நிறுத்தினார்கள். சாயங்காலம் அவள் என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

"அம்மா, சத்தம் கேக்கும்போது அப்பா தூங்கறார். நின்னாத்தான் துடிக்கிறார். நீ பாக்கலையா?"

"அது பம்ப் ஹவுஸ் புத்திடி" என்றேன். பொய் இல்லை. ஓய்வாக வீட்டில் இருக்கும் நாளில்கூட, தூரத்தில் மோட்டார் சத்தம் நின்றால் உட்கார்ந்துவிடுவார். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். மோட்டார் ஓடுகிற வரை குறட்டைதான். "நாற்பது வருஷப் பழக்கம். சத்தம் நின்னா எழுந்திருச்சிடுவார்."

"பழக்கம்னே வெச்சுக்கோ. நின்னா எங்கேயோ தப்புன்னுதானே அர்த்தம் அவருக்கு? வேலை நிக்கக்கூடாதுன்னுதானேம்மா அடிச்சுக்கறார்?"

"போய் உன் வேலையப் பாரு."

போய்விட்டாள். அவள் சொன்னது எனக்குத் தெரியாததா? தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினெட்டாம் தேதியே தெரியும். என்னைப் பார்த்துக்கொண்டே அடித்தாரே, அப்போதே.

மார்ச் 27, வெள்ளி

டேப் சார் வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். டேப்பை எடுக்கவே இல்லை.

"மேல பேசிட்டேன்மா. ஜூலை ஒன்பதாம் தேதி மத்ததெல்லாம் திறந்துடலாம்னு சொல்லிட்டாங்க. இந்த ரூமை மட்டும் பூட்டியே வெச்சுடுவோம். ஜனங்க வெளியிலிருந்து கதவைப் பாத்துட்டுப் போகட்டும். நீங்க கவலைப்படாதீங்க, ஐயா நிம்மதியா இருக்கட்டும்."

குத்தலாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன். தலைவர் பிறந்த இடத்தில் நினைவகம், தலைவர் பிறந்த அறை மட்டும் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை விட்டு அச்சடித்த கதைதான். மாடு மாதிரி உழைக்கிற மனிதர், எனக்காக மேலிடத்தில் கெஞ்சி, தன் வேலையைத் தானே மூளியாக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"டீ சாப்பிடுங்க சார்" என்றேன். வேறென்ன சொல்வது? உள்ளே போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இடது கண்ணிலிருந்து நீர் காது வரை இறங்கியிருந்தது. கை சும்மா கிடந்தது. சட்டத்தை அடிக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

மார்ச் 28, சனி

இன்றைக்குக் கேட்டேன்.

முகம் துடைத்து, கஞ்சி கொடுத்து, தலையணையைச் சரிசெய்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்த கேள்வி.

"என்னங்க. இங்கயே இருக்கணுமா? போகணுமா?"

வாய் கோணிக்கொண்டது. தொண்டை ஏறி இறங்கியது. "போ..." என்றார். மூச்சு வாங்கினார். "போ... லாம்."

காதில் விழாத மாதிரி மறுபடியும் கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"போலாம்."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. படுத்துக் கிடக்கிற மனிதர் என்றுகூடப் பார்க்கவில்லை. "யாருக்காகங்க? அவர் இங்க பொறந்தார், நடக்கத் தெரிஞ்சதும் போயிட்டார். அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை வந்தார், நின்னார், உங்க கையால ஒரு டம்ளர் தண்ணி குடிச்சார், போயிட்டார். அந்த ஒரு டம்ளர் தண்ணிக் கதைய எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க! எனக்கே எந்த இடத்துல நிறுத்துவீங்க, எந்த இடத்துல கண்ணைத் துடைப்பீங்கன்னு தெரியும். நான் இந்த ரூம்ல உக்காந்து கண்ணு போக தைச்சேன். புள்ள பெத்தேன். உங்கப்பாவைப் பாத்தேன், உங்கம்மாவைப் பாத்தேன். எனக்குன்னு ஒரு மூலையாவது விட்டுவெச்சீங்களா?"

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் நான் கத்தினால் எழுந்து வெளியே போய்விடுவார். இப்போது போக முடியவில்லை. நான் முடிக்கும் வரை கேட்டார். பிறகு இடது கையைத் தூக்கி என் தலையில் வைத்தார். கை கனத்தது.

"குடு..." என்றார். "குடுத்... தாச்சு."

சண்டைக்காகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற குரல். குடுத்துவிட்டேனே, குடுத்ததைக் குடுக்க விடு என்கிற குரல். நான் அழுதேன். டிசம்பரிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அவர் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதேன்.

இதை எழுதிவிடுகிறேன், எனக்கே நான் மறைக்க வேண்டாம். ஒருவர் பிறந்ததால் அந்த அறை அவருடையது ஆகுமென்றால், ஒருவர் அங்கே இறந்தால் அது அவருடையதும் ஆகும் என்று நினைத்தேன். ஊர் என்ன பலகை வேண்டுமானாலும் வைக்கட்டும், இது இவருடைய அறை என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதற்காக இவரைப் பிடித்து வைத்தேன். மேஸ்திரி கட்டிலில்தான் குறி போட்டார். நான் என்ன செய்தேன்?

மார்ச் 30, திங்கள்

வந்துவிட்டோம். மகள் வீட்டு ஹாலில் கட்டில்.

மகள் வீடு மாடியில். ஸ்ட்ரெச்சர் படிக்கட்டில் திரும்பாது என்று ஆம்புலன்ஸ் ஆட்கள் கையை விரித்தார்கள். மேஸ்திரி எங்கிருந்தோ வந்தார், கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு. "ஐயா, என் கழுத்தைப் பிடிச்சுக்குங்க" என்று குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டார். இவர் இடது கையை அவர் கழுத்தில் போட்டுக்கொண்டார். காலையில் ஸ்ட்ரெச்சரில் எங்கள் வாசல் தாண்டும்போது இவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மேலே படுக்க வைத்த பிறகு மேஸ்திரி என் முன்னால் நின்றார். "அன்னைக்கு நான் செஞ்சது தப்புதாம்மா. சொன்னதை அப்படியே செய்யற ஆளு நான், யோசிக்கல."

"தப்புதான். ஆனா கோடு நேரா இருந்துச்சு. துணியில போட்டிருந்தா வெட்டியே இருப்பேன்" என்றேன். அவர் சிரித்தார், அழுவது மாதிரி.

மார்ச் 31, செவ்வாய்

இரண்டு தெரு தள்ளியும் சுத்தியல் சத்தம் கேட்கிறது. நாள் முழுக்கக் கேட்டது. அவர் நாள் முழுக்கத் தூங்கினார்.

ஏப்ரல் 16, வியாழன்

டேப் சார் சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் மாடியேறி வருகிறார். கட்டில் பக்கத்தில் நின்று, "ஐயா, இன்னைக்குப் பின்பக்கக் கூரைக்கு ஓடு போட்டாச்சு. நாளைக்குச் சுவர்ப்பூச்சு" என்று ஒப்பிக்கிறார். இவர் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடித் திறக்கிறார். பம்ப் ஹவுஸில் ஷிப்ட் மாறும்போது இப்படித்தான், போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவார். இவருக்கு அந்த நேரம் வந்தால் முகமே வேறு. ஒருநாள் டேப் சார் வரத் தாமதமானது. இவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக்கூட இத்தனை வருஷத்தில் இப்படி வழி பார்த்ததில்லை என்று சொன்னேன். இடது பக்க உதடு மட்டும் மேலே போயிற்று. சிரிப்புதான்.

மே 5, செவ்வாய்

முன்னறை ஜன்னலை அடைத்துவிட்டார்களாம். டேப் சார் என் முன்னால் சொல்லத் தயங்கினார். "சொல்லுங்க சார், அவர் கேட்டுட்டிருக்கார்" என்றேன்.

கொஞ்ச நாளாக அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை.

மே 19, செவ்வாய்

அவர் போய்விட்டார். காலையில், நான் தலை சீவிவிட்டுக்கொண்டிருக்கும்போது. சீப்பு அவர் தலையில் இருந்தது.

மே 20, புதன்

ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். படிக்கட்டு நிறைய, தெரு நிறைய. மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டேப் சார் என் கிட்டே குனிந்து, "இன்னைக்கு வேலையை நிறுத்திட்டோம்மா" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து என்னவோ குறைகிறதே, வீட்டில் என்னவோ சரியில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தேன். சத்தம் இல்லை.

"நிறுத்தாதீங்க" என்றேன்.

"ஒரு மரியாதைக்காகம்மா..."

"அவருக்கு அது மரியாதை இல்ல சார். நின்னா எங்கேயோ தப்புன்னு நினைப்பார். போய் ஆரம்பிக்கச் சொல்லுங்க. சத்தம் கேட்டாத்தான் தூக்கணும்."

உறவுக்காரர் ஒருவர் இது என்ன பேச்சு என்கிற மாதிரி பார்த்தார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி இரண்டு ஆட்களை இழுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார். கீழே வண்டி நின்றது. எல்லாரும் நின்றோம். பிறகு இரண்டு தெரு தள்ளி முதல் அடி விழுந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் வரிசையாக.

"தூக்குங்க" என்றேன்.

ஜூன் 24, புதன்

திறப்பு விழா அழைப்பிதழை டேப் சாரே கொண்டுவந்தார். பெரிய பெரிய ஆட்களோடு முதல் வரிசையில் எனக்கு நாற்காலியாம். மகள் போகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். கோபமில்லை. அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து, மேடையிலிருந்து யாரோ அவர் பெயரைத் தப்பாகச் சொல்லக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

"பொது ஜனங்களை எப்போ உள்ள விடுவீங்க?" என்று கேட்டேன்.

"அடுத்த நாள்லேர்ந்தும்மா."

ஜூலை 10, வெள்ளி

காலையில் குளித்துவிட்டு நடந்தே போனேன். மகள் கூட வருகிறேன் என்றாள். நீ ஞாயிற்றுக்கிழமை போ என்று சொல்லிவிட்டேன்.

வரிசை தெருமுனை தாண்டி நின்றது. இவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். ராத்திரிப் பயணம் செய்த களைப்பு முகங்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு பெரியவர் தனக்குத்தானே தலைவரின் பேச்சு எதையோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார். இவர்களுக்காகத்தான் அவர் சட்டத்தை அடித்தாரோ. பூட்டிய கதவைக் காட்டி இவர்களைத் திருப்பி அனுப்பியிருப்பேனே.

எனக்கு முன்னால் ஒரு பெண், என் மகள் வயதிருக்கும். கையில் தூக்கிய குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"முதல் தடவையா வர்றீங்களாம்மா?"

யோசித்துப் பார்த்தேன். "ஆமாம்மா. முதல் தடவைதான்."

"நாங்களும்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்த வீட்ல ஒரு குடும்பம் ரொம்ப வருஷமா இருந்துச்சாம். இதுக்காக அவங்ககிட்ட இருந்து வீட்டை எடுத்துக்கிட்டாங்களாமே. பாவம் இல்ல?"

"எடுத்துக்கலம்மா" என்றேன். "என் வீட்டுக்காரர் குடுத்தார்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். குழந்தையும் பார்த்தது. சட்டென்று ஒதுங்கி, "நீங்க முன்னாடி போங்கம்மா" என்று வழிவிட்டாள்.

"வேண்டாம்மா, நீ குழந்தையோட நிக்கறே, நீ போ" என்றேன். அவள் பின்னாலேயே நின்றுகொண்டேன். வரிசை மெல்ல நகர்ந்தது.